கொல்லை மரமும் சர்க்கார் மனுவும்

சென்ற ஆவணியில் ஒரு மாலை, எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பையன் வந்தான். பையன் என்று எழுதுகிறேனே தவிர, அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. சென்னையில் வேலை. அப்பாவின் பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னால், கொல்லையில் சிறியதாக ஒரு வீடு கட்டவேண்டும் என்று எண்ணம். காபி குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, நீங்க தாலுகா ஆபீஸ்ல இருந்தவங்க. கொல்லையில மூணு மரம் நிக்குது. வெட்டணும்னா யாருக்கு மனு போடணும்?"

மூன்றும் எனக்குத் தெரிந்த மரங்கள்தாம். கிணற்றடியில் ஒரு வேம்பு. வேலியோரம், அடுத்த வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை. கொல்லைக்கோடியில் ஒற்றைப் பனை.

"மூணு மரத்துக்கும் மூணு பதில்" என்றேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மரத்தைப் பற்றிய மனுக்கள் என் மேசைக்கு வந்தபடியே இருந்தன. மேலுக்கு எல்லாமே 'வெட்டலாமா' என்றுதான் கேட்கும். உள்ளே இருக்கும் கேள்வி வேறு: அந்த மரம் யாருடையது? நட்டவருடையதா, நிலத்துக்காரருடையதா, அரசாங்கத்துடையதா, அடுத்த வீட்டுக்காரருக்கும் அதில் பேச்சு உண்டா? நம் காவிரிப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளாகப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அவனுக்குச் சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்கு மரத்தை வெட்ட அனுமதி கேட்கிறோம். சோழர் காலத்தில் மரத்தை நடுவதே ஓர் உரிமையாக எழுதிக் கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் அதைச் செப்பேட்டில் வெட்டுவித்தான். அந்த ஏடுகள் பின்னாளில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள்.

அந்தச் செப்பேட்டில் ஊரோடு சேர்த்துக் கொடுத்த சலுகைகள் வரிசையாக வருகின்றன. சுட்ட ஓட்டால் மாளிகை எடுக்கலாம். கிணறு தோண்டலாம். தென்னந்தோப்பு வைக்கலாம். மருவும் செங்கழுநீரும் நடலாம். தென்னையிலும் பனையிலும் கள் இறக்குவோர் ஏறக்கூடாது. திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும், நம் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் பெயரோடு வழங்கும் கரந்தைச் செப்பேட்டிலும் இதே போன்ற வரிசைகள் உண்டு. ஊர் கொடுக்கும்போது மேல்நோக்கி வளரும் மரமும் கீழ்நோக்கிப் போகும் கிணறும் சேர்ந்தே கைமாறும் என்பது அந்தக் காலத்து ஆவண வழக்கு.

கல்வெட்டு அறிஞர்கள் இதற்குப் பல விளக்கம் சொல்வார்கள். நான் ஒரு குமாஸ்தாவின் கண்ணால் படிக்கிறேன். எல்லாருக்கும் இருக்கிற உரிமையை யாரும் தனியாக எழுதிக் கொடுப்பதில்லை. தென்னை வைக்கலாம் என்று அரசன் எழுதிக் கொடுத்திருந்தால், எழுதிக் கொடுக்கப்படாதவன் அவன் விருப்பத்துக்கு வைத்துவிட முடியாது என்றுதான் எனக்குப் பொருள் படுகிறது. பயன் தரும் மரத்தில் அரசனுக்குப் பங்கு உண்டு. அவன் விட்டுக்கொடுத்தால்தான் அது நமக்கு.

அங்கிருந்து எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டுவோம். 1799 அக்டோபரில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஒப்பந்தப்படி தஞ்சாவூர் நாட்டு நிர்வாகத்தைக் கும்பினியிடம் விட்டார். கும்பினி வந்ததும் கணக்கு வந்தது. சோழன் செம்பில் எழுதினான், வெள்ளைக்காரன் காகிதத்தில் எழுதினான். இரண்டு பேரும் மரத்தை மறக்கவில்லை.

ரயத்துவாரி முறையில் பட்டா நிலத்திலிருக்கும் மரம் பட்டாதாரருக்கு. ஆனால் வாய்க்கால் கரை, பாட்டை ஓரம், ஏரிக்கரை, களம் போன்ற புறம்போக்குகளில் நிற்கும் மரம் சர்க்காருக்கு. புறம்போக்கில் ஒருவர் புளியையோ தென்னையையோ வைத்து வளர்த்திருந்தால் அவருக்கு மரத்துக்கு மட்டும் ஒரு பட்டா கொடுப்பார்கள். அதுதான் 2சி பட்டா. கர்ணம் எழுதும் கிராமக் கணக்கின் பெயரே அந்தப் பட்டாவுக்கும் பெயராகிவிட்டது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'டூ சி' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை வைத்திருப்பவர் மரவரி கட்டிவிட்டுக் காயையும் பழத்தையும் அனுபவிக்கலாம். வேர் நிற்கும் மண் அவருடையதல்ல. அலுவலகத்தைக் கேட்காமல் மரத்தைச் சாய்க்கவும் முடியாது. மரம் ஒருவருக்கு, மண் இன்னொருவருக்கு என்ற இந்த ஏற்பாட்டை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். நம் பக்கத்தில் அது அன்றாட சங்கதி.

சர்க்கார் தரிசைத் தர்க்காஸ்தில் ஒருவருக்குக் கொடுக்கும்போதும், அதில் மரம் நின்றால் மரக்கிரயம் என்று தனியாக வசூலிப்பார்கள். நிலம் இலவசமாகக் கிடைத்தாலும் மரத்துக்கு விலை உண்டு.

வீட்டு மனை இதிலெல்லாம் சேராது. நம் கிராமங்களில் வீடுகள் நிற்பது பெரும்பாலும் நத்தத்தில். நத்தம் என்பது குடியிருக்க விட்ட இடம். புறம்போக்குக் கணக்கில் வராது. ரொம்ப காலம் அதற்குப் பட்டாவும் கிடையாது. நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகுதான் தலைக்குத் தலை பட்டா வந்தது. அதுவரை கொல்லை யாருடையது என்று தகராறு வந்தால் எதைக் காட்டுவது? மரத்தைத்தான் காட்டுவார்கள். "இந்தப் பூவரசு எங்க தாத்தா போத்து ஊன்றி வச்சது சார்" என்று சொல்லி மரத்தடிக்கே நம்மை அழைத்துப் போவார்கள். ஐம்பது வயது மரம் ஐம்பது வருஷ அனுபோகத்துக்குச் சாட்சி. அப்படிப்பட்ட மரத்தை வெட்டினால் சாட்சியை வெட்டியதுபோல. எல்லைத் தகராறில் இருக்கும் வீடுகளில், பட்டுப்போன மரத்தைக்கூட விழும்வரை விட்டுவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைத் தடுத்தது எந்தச் சட்டமும் இல்லை. கையில் வேறு காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே என் பள்ளிக்கூடத்துப் பக்கம் கொஞ்சம் போகவேண்டும். நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர் காரைக்கால். அதே காவிரித் தண்ணீர், அதே மண், அதே தென்னை. ஆனால் சட்டம் வேறு. 1819இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் அங்கே அறிவிக்கப்பட்டன. கல்யாணம், வாரிசு போன்றவை மட்டும் அவரவர் வழக்கப்படி இருக்கலாம் என்று விட்டார்கள். நிலம் வீடு பத்திரமென்றால் நொத்தேரிடம் போவது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

நான் பின்னாளில் வருவாய்த் துறைக்கு வந்து மர மனுக்களைப் பார்க்க ஆரம்பித்தபோது, படித்த பிரெஞ்சு வீணாகாமல் இருக்கட்டும் என்று, நெப்போலியன் காலத்து 1804ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் மரத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அதில் 671, 672 ஆகிய பிரிவுகள். ஊர் விதியோ வழக்கமோ இருந்தால் முதலில் அது. இல்லாவிட்டால் உயரமாக வளரும் மரத்தை அண்டை எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைக்கவேண்டும். மற்ற மரமும் உயிர்வேலியும் அரை மீட்டர். அதைவிட நெருங்கி வைத்தால் பிடுங்கச் சொல்ல அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு. கிளை எல்லை தாண்டினால் மரத்துக்காரரை வெட்டச் சொல்லி வற்புறுத்தலாம். வேர் எல்லை தாண்டினால் அவரே வெட்டிக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரர் நீதிமன்ற மரபில் இது கொஞ்சம் மாறுகிறது. பக்கத்து வீட்டுக் கிளை என் எல்லைக்குள் வந்தால் என் இடத்தில் நின்றுகொண்டு நானே நறுக்கலாம். நறுக்கிய கிளை மட்டும் மரத்துக்காரருடைய சொத்து.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. நம் தாலுகா கணக்கில் மரம் என்றால் சர்க்காருக்கும் குடிகளுக்கும் இடையே உள்ள வழக்கு. பிரெஞ்சுச் சட்டத்தின் அந்தப் பிரிவுகளில் மரம் என்றால் இரண்டு அண்டை வீட்டாருக்கு இடையே உள்ள வழக்கு. அங்கே சர்க்கார் அளவுகோலை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டு மீட்டர் என்ற ஒரு எண் நம் பக்கத்திலும் இருந்திருந்தால் எத்தனை வேலித் தகராறுகள் குறைந்திருக்கும் என்று நினைத்ததுண்டு. நம் நாற்பதடி மனையில் இரண்டு பக்கமும் இரண்டு மீட்டர் விட்டால் தென்னை வைக்க இடமேது என்பதும் நினைவுக்கு வரும்.

பனையின் கதை இந்த எல்லைக்கோட்டில்தான் நன்றாகத் தெரியும். சென்னை மாகாணத்தில் கள் இறக்கும் மரத்துக்குத் தலைக்கு வரி போட்டு, மரத்தில் எண் குறித்து வைத்தார்கள். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் வந்தது. அதன் பிறகு தஞ்சை ஜில்லாவில் கள்ளுக்குப் பாளை சீவினால் குற்றம். கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக் காரைக்காலில் அதே பனையில் கலயம் தொங்கும். மரத்துக்கு எல்லை தெரியாது, கலயத்துக்குத் தெரியும் என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

கள் போன பிறகு பனைக்கு மதிப்பு இறங்கியது. பிளந்து கைமரத்துக்குப் போட்டார்கள். கான்கிரீட் வந்ததும் கைமரமும் வேண்டாமென்று ஆயிற்று. பிறகு செங்கல் சூளைக்கு விறகாக லாரி லாரியாகப் போனது. மாநில மரம் என்ற பெயர் மட்டும் இருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. பனை விழுந்தால் கேட்க ஆளும் இல்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தார்கள். பனையை வெட்டுவதானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அதில் அறிவித்தார்கள். 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாகவும் சொன்னார்கள். ஒரு காலத்தில் வருமானத்துக்காக எண்ணப்பட்ட மரம், இப்போது அழிந்துவிடக்கூடாது என்பதற்காக எண்ணப்படுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்தமாக ஒரு கொல்லை உள்ளவர்களின் கதை. நம் ஜில்லாவில் பாதி சனங்களுக்குக் கொல்லையே கிடையாது என்பதை மறந்துவிட்டு இந்தச் சரித்திரத்தை எழுத முடியாது.

பண்ணையாட்கள் குடியிருந்தது மிராசுதாரின் நிலத்தில். குடிசை அவர்களுடையது, மண் அவருடையது. குடிசை வாசலில் நிற்கும் தென்னையும் அவருடையது. தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் வீட்டுப் பிள்ளை அதிலிருந்து ஒரு இளநீரைத் தொட்டால் அது திருட்டு. விழுந்த மட்டையை எடுத்துக் கூரையில் செருகுவதற்கும் காரியக்காரரைக் கேட்கவேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது இது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை, எனக்கும்தான்.

1952இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அது அப்போது நம் ஒன்றுபட்ட தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1971இல் கலைஞர் ஆட்சியில் குடியிருப்பு உரிமையளிப்புச் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19 அன்று எந்த விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருந்தாரோ அந்த மனை அவருக்கே. குடிசை நிற்கும் இடம் மட்டுமல்ல, வசதியாகக் குடியிருக்கத் தேவையான ஒட்டிய இடமும் சேர்த்து.

அந்தச் சட்டம் வந்து பத்து வருஷத்துக்குள் நடந்தது ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். யாரிடமோ எழுதி வாங்கிய மனு. குடிசை வாசலில் காய்ப்பு ஓய்ந்த தென்னை ஒன்று நிற்கிறது, மழைக்குள் வெட்டிக்கொள்ள உத்தரவு வேண்டும் என்று இருந்தது. அவரிடம் குடியிருப்புப் பட்டா இருந்தது. நான் பார்த்துவிட்டு, "இது உங்க மனை, உங்க மரம். இதுக்கெல்லாம் மனு வேண்டாம், போய் வெட்டிக்குங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் போகவில்லை. "உத்தரவு குடுங்க சாமி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இல்லாத உத்தரவை எங்கிருந்து கொடுப்பது?

எங்கள் தலைமை எழுத்தர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து மனுவை வாங்கினார். அதன் கீழேயே, மனுதாரரின் சொந்த மனையிலுள்ள மரம், அனுமதி தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையும் வைத்துக் கொடுத்தார். பெரியவர் அதை மடித்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டு போனார்.

அவர் போன பிறகு தலைமை எழுத்தர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அவருக்குச் சட்டம் தெரியாம கேக்கல. நாளைக்கு அரிவாளோட மரத்தடியில நிக்கும்போது யாராவது வந்து 'யாரைக் கேட்டு வெட்டுறே'ன்னு கேப்பான். அதுக்கு ஒரு காகிதம் வேணும்."

பட்டா கொடுத்தது சட்டம். அந்த மரத்தடியில் நிமிர்ந்து நிற்க அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ரப்பர் முத்திரை. எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை. அதற்கப்புறம் 'இதற்கு மனு தேவையில்லை' என்று யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

அடுத்தது ஆபத்தான மரம். இதுதான் வீட்டு மரங்களில் அதிகம் வரும் வழக்கு. அடுத்த வீட்டுத் தென்னை நம் கூரைக்கு மேல் சாய்ந்திருக்கிறது, சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார், என்ன செய்வது? 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு 133ஆம் பிரிவு இருந்தது. விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் உண்டாக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். நம் பக்கத்தில் ஆர்.டி.ஓ. என்று அழைக்கும் கோட்டாட்சியர்தான் அந்த நடுவர்.

முதலில் வருவது நிபந்தனை உத்தரவு. மரத்துக்காரர் வெட்டலாம், அல்லது வந்து ஆட்சேபம் சொல்லலாம். பழைய சட்டத்தில் அவர் ஜூரி கேட்கலாம் என்றும் இருந்தது. ஐந்து பேருக்குக் குறையாத பஞ்சாயத்தார் உட்கார்ந்து, இந்த மரத்தை வெட்டச் சொல்வது நியாயமா என்று முடிவு சொல்வார்கள். ஒரு தென்னைக்கு ஜூரி விசாரணை என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜூரி போய்விட்டது, 133 என்ற எண் நிலைத்தது. 2024 ஜூலை முதல் அதுவும் மாறி, புதிய சட்டத்தில் 152 என்று ஆகியிருக்கிறது. எண்தான் மாறியது; மரமும் அண்டை வீட்டாரும் அப்படியே இருக்கிறார்கள்.

மின்கம்பி விஷயத்திலும் ஒரு நல்ல விதி உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவுப்படி, கம்பி போடுவதற்கு முன்பே நின்ற மரத்தை அகற்றினால் மரத்துக்காரருக்கு நியாயமான ஈடு கொடுக்க உத்தரவிடலாம். கம்பி முந்தியா மரம் முந்தியா என்பதுதான் கேள்வி.

நிற்கும் மரத்துக்கு இத்தனை கேள்வி கேட்கும் நாம், விழுந்த மரத்தையும் எண்ண நேர்ந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகளை அதற்கு அடுத்த வாரம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது: இழப்புக்கு 600, வெட்டி அகற்ற 500. வி.ஏ.ஓ.க்கள் தோப்பு தோப்பாகப் போய் எண்ணினார்கள். அப்போதும் அதே பழைய கேள்வி எழுந்தது. பட்டா அப்பா பெயரில், மரம் வைத்தது மகன், தோப்பைப் பார்த்துக்கொள்வது குத்தகைதாரர். விழுந்த தென்னை யாருடையது?

மற்ற இடங்களில் எப்படி? இங்கிலாந்தில் நகர்த் திட்டச் சட்டத்தின்படி, உள்ளாட்சி ஒரு மரத்தைக் குறித்துப் பாதுகாப்பு உத்தரவு போட்டுவிட்டால், சொந்தத் தோட்டத்திலிருந்தாலும் கேட்காமல் கிளையைத் தொட முடியாது. மகாராஷ்டிரத்தில் 1975இலும், கர்நாடகத்தில் 1976இலும், டெல்லியில் 1994இலும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. நம் மாநிலத்தில் 1955இல் வந்த சட்டம் மலைப்பகுதிகளுக்கு மட்டும். சமவெளியில் வீட்டுக் கொல்லை மரம் எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம் என்று ஒன்று இல்லை. மரத்தின் சாதியையும் அது நிற்கும் மண்ணையும் பொறுத்துத்தான் பதில்.

ஆகவே பையனுக்குச் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன். முதலில் மண்ணைப் பார்க்கவேண்டும். சொந்தப் பட்டாவா, நத்தமா, புறம்போக்கா, கோயில் அடிமனையா? கும்பகோணம் போன்ற ஊர்களில் வீடு நம்முடையது, மனை கோயிலுடையது என்பது சகஜம். அங்கே மரத்துக்குக் கோயில் நிர்வாகத்தைக் கேட்கவேண்டும். புறம்போக்கு என்றால் தாசில்தார் அலுவலகம். அடுத்து மரத்தைப் பார்க்கவேண்டும். சந்தனம் என்றால் நம் வீட்டு முற்றத்திலே முளைத்திருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது. தேக்கை வெட்டி வண்டியில் ஏற்றுவதானால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பனைக்கு ஆட்சியர். சொந்த மனையிலுள்ள வேம்பு, மா, முருங்கை, பூவரசு போன்றவற்றுக்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஆனாலும் பட்டா நகலும், வெட்டுவதற்கு முன் எடுத்த ஒரு படமும் கையில் இருக்கட்டும் என்பேன். யாராவது வந்து யாரைக் கேட்டு வெட்டினாய் என்று கேட்கக்கூடும்.

அவனுடைய மூன்று மரங்கள் என்ன ஆயின என்று சொல்லி முடிக்கிறேன்.

வேம்புக்கு மனு தேவைப்படவில்லை. தேவையில்லை என்று தெரிந்தபின் அவனுக்கே அவசரம் போய்விட்டது. கிணற்றடி நிழல் இருக்கட்டும் என்று கிளையை மட்டும் கழித்தான். தென்னைக்கு ஆர்.டி.ஓ. வரை போகவேண்டியிருக்கவில்லை. நானும் கூடப் போய், அடுத்த வீட்டு அம்மாவிடம் பேசினோம். ஐப்பசி மழைக்குள் ஆள் வைத்து, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஓட்டில் ஒன்றுகூட உடையவில்லை. குருத்தை இரண்டு வீட்டாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

பனைக்கு ஆட்சியர் பெயரில் நானே மனு எழுதிக் கொடுத்தேன். புல எண், பட்டா எண், மரத்தின் இருப்பிடம் எல்லாம் எழுதி, வெட்டுவதற்கான காரணம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். "இதுல என்ன மாமா எழுதறது?" என்றான். "உள்ளதை எழுது" என்றேன். எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துக் கொத்தனாரோடு கொல்லையில் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தான். மாடிப்படியை வடக்கே ஆறடி நகர்த்தினால் போதுமாம்.

மனுவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். காரணம் என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.